மௌலானா ஆசாதும் அவர் கடந்த ஐயமும்

ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் நம் பகுதிக் கல்லூரிகளில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவுகூரப்படுகிறார். 2008ஆம் ஆண்டு முதல் அந்நாள் தேசியக் கல்வி நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருவதே அதற்குக் காரணம். சேலத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் நிகழும் பேச்சுப் போட்டிகளில் மாணவர்கள் எடுத்துரைக்கும் செய்திகள் நமக்கும் மனப்பாடம் ஆகிவிட்டன. அவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் கல்வியமைச்சர். அவர் காலத்திலேதான் 1951இல் கரக்பூரில் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் எழுந்தது. 1953இல் பல்கலைக்கழக மானியக் குழுவைத் தொடங்கி வைத்தவரும் அவரே. மறைவுக்குப் பின் 1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. இவையனைத்தும் உண்மை. மாணவர்க்குப் பரிசும் கிடைக்கிறது. ஆயினும் அம்மேடைகளில் ஒருவரும் வாய் திறவாத செய்தி ஒன்று உண்டு. ஏறத்தாழப் பதினைந்தாம் வயது தொடங்கி இருபத்திரண்டாம் வயது வரை இம்மனிதர் ஐயத்தின் பிடியில் கிடந்தார். தொழுகையும் கைவிட்டுப்போன காலம் அது. இதனை அவர் மறைத்தாரில்லை. பின்னாளில் தம் எழுத்திலே ஒன்றுக்கு இருமுறை ஒளிவின்றி உரைத்தார். மறைத்து வருபவர்கள் நாம்தாம்.

அதனை இம்மலரில் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் பயின்ற மாணவர் ஒருவர், விசைத்தறியை நம்பி வாழும் குடும்பத்தில் பிறந்தவர், மெல்ல மெல்ல வகுப்பிற்கு வருவதைக் குறைத்தார். வந்த நாளிலும் கடைசிப் பலகையில் அமர்ந்து சன்னலை நோக்கியிருப்பார். தனியே அழைத்துக் கேட்டபோது, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குச் செல்வதையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். விடைக்கு மாறாக, ஈமான் பறிபோய்விட்டது என்னும் வசை கிடைத்திருக்கிறது. அன்று முதல், தாம் போனவர்தாம் என்று அப்பிள்ளை முடிவு செய்துகொண்டார். உணவும் உறக்கமும் குறைந்தன. கேள்வியே தம்மைக் கெடுத்துவிட்டது என்று பெரியவரும் அவரும் ஒருசேர நம்பினர். நமக்கோ, கெடுத்தது கேள்வியா, கேள்வியோடு தனியே விடப்பட்ட நிலையா என்னும் ஐயம் எழுந்தது. அன்று அவரிடம் நாம் விரித்துரைத்தது ஆசாதின் கதையைத்தான்.

தமிழ்த்துறையினர் இதில் தலையிடலாமோ என்று கேட்பாரும் இருக்கலாம். தமிழில் ஐயம் பழிச்சொல் அன்று. பவணந்தியார் நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தபோது ஐயவினாவையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். வள்ளுவரும் மெய்யுணர்தல் அதிகாரத்தில் தெளிவை ஐயத்துக்கு அப்பாலே கிடப்பதாகக் காட்டினாரேயன்றி, ஐயமே தோன்றாத உள்ளத்தைப் புகழ்ந்தாரில்லை. நம் நாமக்கல் சமவெளியின் தென்கோடியில் மோகனூரில் நின்று காவிரிக்கு அக்கரை நோக்கினால் கருவூர்ப் பக்கம் தெரியும். சேரர் தலைநகராகிய வஞ்சி அக்கருவூரே என்று கொள்ளும் அறிஞர் பலர். அவ்வஞ்சி மாநகரிலேதான் மணிமேகலை மாதவர் வடிவம் தாங்கி, வைதிகர் முதல் பூதவாதியர் ஈறாகச் சமயவாதியர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்டு நின்றாள். ஒருவர் மெய்யென்றதை மற்றவர் பொய்யென்றார். அவள் அஞ்சி ஓடவில்லை. கேட்டு முடித்துக் காஞ்சிக்கு நடந்தாள். திருமறையிலும் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறந்தோரை உயிர்ப்பிப்பது எங்ஙனம் எனத் தமக்குக் காட்டுமாறு இறைவனிடமே வேண்டினார்கள். நம்பிக்கை இல்லாமையால் அன்று, நெஞ்சம் அமைதியுறுதற் பொருட்டு. அக்கேள்விக்காக அவர்கள் கடியப்படவில்லை; காட்சியே விடையாக வழங்கப்பட்டது.

தமிழிலே கையறவு என்றொரு சொல்லும் உண்டு. செய்வது ஒன்றும் அறியாமல், செய்தற்குரியது ஒன்றும் எஞ்சாமல் நெஞ்சம் செயலற்று நிற்பது அது. ஐயமும் கையறவும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவே வேண்டும் என்பதும் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பதைத் தம் காலால் அளந்து பார்த்தவர் ஆசாத்.

அவர் 1888 நவம்பரில் மக்கா நகரிலே பிறந்தார். தந்தை மௌலானா கைருத்தீன் இந்தியாவிலிருந்து அங்குக் குடியேறிய பேரறிஞர். தாயார் அரபுக் குலத்து அறிஞர் குடும்பத்தவர். தந்தையாரின் கால் எலும்பு முறிந்தமையால் மருத்துவத்தின் பொருட்டுக் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. அடியார்கள் அவரைத் திரும்ப விடவில்லை. தாயார் கல்கத்தா வந்த சிறிது காலத்திலேயே மறைந்தார். தந்தையோ பல்லாயிரவர் கைதொட்டு உறுதிமொழி பெற்ற பீர். அவருடைய மைந்தர் என்பதனாலேயே சிறுவர் ஆசாதின் கையையும் முதியவர்கள் முத்தமிட்டனர். அந்த மதிப்பு அவருக்கு இனிக்கவில்லை. தாம் எதையும் செய்து பெறாத மதிப்பு என்பதை அவ்வயதிலேயே உணர்ந்திருந்தார். நம் ஊர்களிலும் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இத்துன்பம் உண்டு. அதனைத் துன்பம் என்று எவரும் ஒப்புவதில்லை.

மகனைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை உடன்படவில்லை. வீட்டிலேயே தாமும் தாம் அமர்த்திய ஆசிரியர்களும் கற்பித்தனர். அரபும் பாரசீகமும் அளவை நூலும் தத்துவமும் கணிதமும் அடங்கிய பழைய பாடத்திட்டத்தைப் பிறர் இருபது வயது கடந்து முடிப்பர். ஆசாத் பதினாறு வயதுக்குள் முடித்தார். அக்கால வழக்கப்படி, கற்றதை மெய்ப்பிக்கும் பொருட்டுப் பதினைந்து மாணவர்களைக் கூட்டி வைத்துப் பாடமும் சொன்னார். ஆனால் அப்பாடங்களிலேயே விதை கிடந்தது. அளவை நூலைக் கற்றவன் தன் வீட்டுக் கொள்கையை மட்டும் அளக்காமல் விட்டுவிடுவானா?

தந்தையார் தம் கொள்கைக்கு மாறான பிரிவினரைக் கண்டித்துப் பெருநூல் எழுதியவர். இறைவன் ஒருவன், மறை ஒன்று, தூதர் ஒருவர் என ஒப்புக்கொண்டவர்களே ஒருவரையொருவர் வழிகெட்டவர் என்று தள்ளுவதை மைந்தர் கண்டார். உண்மை ஒன்றாயின் அதனைக் கைக்கொண்டதாகச் சொல்லும் இத்தனை பேருக்குள் ஏன் இத்தனைப் பூசல் என்பதே முதற் கேள்வி. அக்கேள்வி பிரிவுகளோடு நிற்கவில்லை, சமயங்களுக்கிடையே பரவியது, பின்னர்ச் சமயத்துக்கும் அறிவுக்கும் இடையே உள்ள வழக்காக விரிந்தது. அந்நாளிலே சர் சையது அகமது கானின் நூல்கள் அவர் கைக்கு எட்டின. புத்தறிவின் துணையின்றி இக்காலத்தில் ஒருவன் கற்றவன் ஆகான் என்னும் எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. ஆங்கில எழுத்துகளை ஒருவரிடம் கற்றுக்கொண்டு, எஞ்சியதை விவிலியத்தையும் செய்தித்தாளையும் அகராதியோடு ஒப்பிட்டுத் தாமே கற்றார். சர் சையது காட்டிய விடைகளிலும் சில காலம் நின்று, பின் அவையும் போதாவெனக் கண்டு அப்பால் சென்றார். வீடும் வளர்ப்பும் மனத்தின்மீது பூட்டிய தளைகள் எல்லாம் அற்று வீழ்ந்த அந்நாளிலேதான் ஆசாத், அதாவது விடுதலையானவர், என்னும் புனைபெயரை அவர் சூடிக்கொண்டார். அப்பெயர் அரசியல் விடுதலையைக் குறித்ததென்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அது அதற்கு முந்தியது.

இடையே சுவையான செய்தி ஒன்று. அதே காலத்தில் அவர் தந்தைக்குத் தெரியாமல் மசீதா கான் என்னும் இசைவாணரிடம் சித்தார் கற்றார். நான்கைந்து ஆண்டுகள் பயின்றார். நிலவு காயும் இரவில் தாஜ்மகால் திண்ணையில் அமர்ந்து வாசித்த நினைவைச் சிறையிலிருந்து எழுதிய மடலொன்றில் மகிழ்ச்சியோடு விரிக்கிறார். ஐயம் கொண்ட காலத்தை முழுதும் இருளாகவே நினைப்பவர்கள் இந்தச் சித்தாரையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆனால் இருளும் இருந்தது. அதன் இயல்பைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். உள்ளே நம்பிக்கை ஆட்டங்கண்டிருந்த அதே ஆண்டுகளில் வெளியே அவர் சமய இதழியலாளராகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தார். 1903இல் லிசானுஸ் சித்க் என்னும் இதழைத் தொடங்கினார். அதன் ஆசிரியரை நேரிற் கண்ட அல்லாமா ஷிப்லி நுஃமானி, வந்திருப்பவர் ஆசாதின் மகன் போலும் என்று எண்ணினாராம். ஆசாதே அவர்தாம் என அறிந்து வியந்தார். பின் ஷிப்லி அவரை லக்னோவுக்கு அழைத்து அந்நத்வா இதழின் பணியில் அமர்த்தினார். மார்க்க அறிஞர் கூடிய இடம். மார்க்க அறிஞர் படிக்கும் இதழ். அதன் ஆசிரியர் குழுவிலே உள்ளூர ஐயத்தில் உழலும் இளைஞர். நாவும் எழுதுகோலும் ஒரு திசையிலும் நெஞ்சம் வேறு திசையிலுமாகச் செல்லும் அந்தப் பிளவே அவரை வருத்தியது என நமக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களை நினையாதிருக்க இயலாது. ஷிப்லி உருதுவிலே வாழ்க்கை வரலாறு எழுதிய பெருமகனாரும் அவரே. பாரசீகத்துத் தூஸ் நகரிலே 1058இல் பிறந்த இமாம் அவர்களின் வாழ்வில் இரண்டு நெருக்கடிகள் வந்தன. இளமையில் வந்தது ஐயம். கண்ணையும் காதையும் நம்பலாமா, அறிவையும்தான் நம்பலாமா என்னும் கேள்வி ஏறத்தாழ இரு திங்கள் அவர்களை வாட்டியது. இறைவன் நெஞ்சில் இட்ட ஒளியால் அது நீங்கிற்று. இரண்டாவது 1095இல், பாக்தாது நிஜாமிய்யாப் பெருங்கல்லூரியின் தலைமை ஆசிரியராக, முந்நூறு மாணவர் சூழ வீற்றிருந்தபோது வந்தது. அப்போது அவர்களுக்கு ஐயம் ஒன்றும் இல்லை. தம் போதனையின் நோக்கம் இறைவன் அன்று, புகழே என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. விட்டு விலக வேண்டும் என்பதும் தெரிந்தது. விலகத்தான் மனம் வரவில்லை. ஆறு திங்கள் அலைக்கழிந்தபின் நா எழவில்லை, உணவு உட்செல்லவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தனர். ஐயம் அவர்களின் நாவைக் கட்டவில்லை என்பதை நோக்குக. தெரிந்ததற்கும் செய்ததற்கும் இடையே விழுந்த பிளவே கட்டியது. கையறவு அங்கேதான் விளைந்தது.

ஆசாத் மீண்ட கதையைப் பலரும் ஓர் இரவில் நிகழ்ந்த மாற்றமாகச் சொல்ல விரும்புவர். அவர் அப்படிச் சொல்லவில்லை. ராஞ்சியில் காவலில் இருந்தபோது எழுதிய தஸ்கிரா என்னும் நூலின் இறுதியில், தாம் மறுப்பிலும் ஒழுக்கத் தளர்விலும் வீழ்ந்ததையும், மானிடக் காதல் ஒன்று நெஞ்சை இளக்கி வழிகாட்டியதையும் குறிப்பாகச் சுட்டிச் செல்கிறார். 1908ஆம் ஆண்டை ஒட்டி ஈராக், எகிப்து, சிரியா, துருக்கி நாடுகளில் பயணம் செய்தார். தந்தையின் நோய் கேட்டுத் திரும்பினார். தந்தை மறைந்தபோது பீரின் இருக்கை காத்திருந்தது. அதனை ஏற்க மறுத்தார். தேடல் நின்றுவிடவில்லை என்பதுதான் முதன்மையானது. ஐயத்தில் தொடங்கும் பாதை மறுப்பை நோக்கியே இழுத்துச் செல்லும் என்றும், அங்கேயே கால் ஊன்றி நிற்பவனுக்கு எஞ்சுவது நம்பிக்கையின்மை ஒன்றே என்றும், தாம் அங்கு நிற்கவில்லை என்றும் முதுமையில் நினைவுகூர்ந்து எழுதினார். அவர் சொன்னதில் அழுத்தம் நிற்றலின்மீது விழுகிறது, ஐயத்தின்மீது அன்று.

1910இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று இக்காலத்து மனநிலைக்குச் சான்று. சர்மத் என்னும் பாரசீகக் கவிஞரைப் பற்றியது அது. யூதக் குடும்பத்திற் பிறந்து, வணிகராகச் சிந்து நாட்டுக்கு வந்து, எல்லாம் துறந்து தில்லியில் அலைந்து, ஔரங்கசீப் ஆட்சியில் தலை கொய்யப்பட்டவர் சர்மத். அவர் கலிமாவின் முற்பகுதியாகிய மறுப்பை மட்டும் மொழிந்து நிறுத்திவிட்டார் என்றும், பிற்பகுதிக்குத் தாம் இன்னும் வந்து சேரவில்லை, சேராமல் சொன்னால் பொய்யாகும் என்று விடையளித்தார் என்றும் ஒரு மரபுச் செய்தி உண்டு. இருபத்திரண்டு வயதை எட்டிக்கொண்டிருந்த ஆசாதுக்கு எழுதத் தலைப்பா கிடைக்கவில்லை? இல்லையில்லாத இடத்தில் இல்லையென்றும், உண்டென்று உணராமல் உண்டென்றும் சொல்ல மறுத்த ஒருவரையே அவர் உள்ளம் நாடியது.

இங்கே ஒரு சொல் உரைத்தல் வேண்டும். ஆசாத் மீண்டார் என்பதைக் கொண்டு, வீட்டை விட்டுச் சென்ற பிள்ளை அதே வீட்டுக்குத் திரும்பினான் என்று நாம் மகிழ்ந்துவிடலாகாது. அவர் தந்தையின் வீட்டுக்குத் திரும்பவில்லை. கால்வழி வந்த நம்பிக்கை ஒன்றை இழந்து, தாமே தேடிய நம்பிக்கை ஒன்றைப் பெற்றார். அதனால்தான் அவருடைய திருமறை விளக்கமாகிய தர்ஜுமானுல் குர்ஆன் வெளிவந்தபோது ஆலிம்களுள் சிலர் அதனோடு உடன்படவில்லை. சமயங்களின் வேர் ஒன்றே என்று அவர் கொண்ட கருத்து அவர்களுக்கு ஏற்கத்தக்கதாக இல்லை. நம் பெரியோருள்ளும் அக்கருத்தில் மாறுபடுவோர் இருப்பர், இருக்கட்டும்.

1912 சூலையில் அல்ஹிலால் இதழ் எழுந்ததும், அரசு அதனை ஒடுக்கியதும், 1916இல் வங்காளத்தினின்று வெளியேற்றப்பட்டு ராஞ்சியில் அவர் காவல் வைக்கப்பட்டதும் வரலாற்று நூல்களில் விரிவாக உள்ளன, இங்கு வேண்டா. ராஞ்சியில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் கூறுவோம். 1918 திசம்பரில் ஓர் இரவு, இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வெளியேறியபோது யாரோ பின்தொடர்வதாக அவருக்குத் தோன்றியது. திரும்பினால் கம்பளி போர்த்திய ஒருவர் நிற்கிறார். கந்தகார்ப் பக்கத்து மனிதர். கால்நடையாகக் குவெட்டா வந்து, அங்கிருந்து வணிகரோடு சேர்ந்து ஆக்ரா வரை வந்து, மறுபடியும் நடந்தே ராஞ்சி வந்து சேர்ந்தவர். அல்ஹிலாலைப் படித்தவர். திருமறையில் சில இடங்கள் விளங்கவில்லை. கேட்டுத் தெளிய வந்திருந்தார். சில நாட்கள் தங்கினார். பின்பு சொல்லாமலே சென்றுவிட்டார். விடைபெற வந்தால் வழிச்செலவுக்குப் பணம் கொடுத்துவிடுவாரோ என்னும் அச்சமே காரணமென ஆசாத் கருதினார். தர்ஜுமானுல் குர்ஆனை அவர் எந்த அரசருக்கும் செல்வருக்கும் காணிக்கையாக்கவில்லை. பெயரும் தெரியாத அந்தக் கம்பளிக்காரருக்குக் காணிக்கையாக்கினார். கேள்வியைச் சுமந்துகொண்டு ஒரு மனிதன் எவ்வளவு தொலைவு நடக்கலாம் என்பதை அவர் நேரிற் கண்டிருந்தார். நம் ஊர்ச் சிறுவர் நான்கு தெரு நடந்து பெரியவர் ஒருவரிடம் வந்தார், அவ்வளவுதான் வேறுபாடு.

1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அப்போது ஆசாத் காங்கிரஸ் தலைவர். அவ்வாண்டு ஏப்ரலில் நம் மண்ணின் மைந்தர், சேலத்தில் வழக்கறிஞராய் வாழ்ந்து, 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவிய இராஜாஜி, முஸ்லிம் லீகின் கோரிக்கையை ஏற்று உடன்பாடு காண வேண்டுமெனச் சென்னைச் சட்டமன்றக் காங்கிரசாரைக் கொண்டு தீர்மானம் நிறைவேற்றினார். மௌலானா அதனை ஏற்கவில்லை. இராஜாஜி செயற்குழுவினின்று விலகினார். பிரிவினைக் கோரிக்கைக்கு இசைந்தவர் சேலத்து ஆசாரியார். இசையாதவர் மக்காவில் பிறந்த மௌலானா. பெரும்பான்மைக் கருத்துக்கு மாறாகத் தனித்து நிற்க இருவருமே அஞ்சவில்லை என்பதை மட்டும் சுட்டி அமைகிறோம்.

ஆகஸ்ட் 9ஆம் நாள் விடியலில் பம்பாயில் தளைப்படுத்தப்பட்டு, நேரு, பட்டேல் முதலானோருடன் அகமதுநகர்க் கோட்டையில் அவர் அடைக்கப்பட்டார். ஏறத்தாழ மூன்றாண்டுச் சிறைவாழ்வு. நாள்தோறும் விடியலுக்கு முன் மூன்று, நான்கு மணிக்குள் எழுந்து, சீனத்து வெண்மல்லிகைத் தேயிலையில் தாமே தேநீர் இட்டுக்கொண்டு, தம் நண்பர் மௌலானா ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்கு மடல் எழுதுவார். அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே எழுதினார். அவை குபாரே காத்திர் என்னும் பெயரில் 1946இல் நூலாயின. தேநீரைப் பற்றியும் அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளைப் பற்றியும் எழுதிய அதே கை, இளமையில் தம்மை அலைக்கழித்த ஐயத்தையும் அம்மடல்களில் ஆராய்ந்தது. தத்துவத்துக்கும் அறிவியலுக்கும் சமயத்துக்கும் உரிய எல்லைகளை அங்கே அவர் பிரித்துக் காட்டுகிறார். மெய்ப்பிக்கப்பட்டவை மட்டும் மனிதனுக்குப் போதா, துயரத்தில் சாய்ந்துகொள்ள வேறொன்றும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிபு. ஐம்பத்து நான்கு வயதில், சிறையில் இருந்துகொண்டு, பதினைந்து வயதுப் பையனின் கேள்வியை அவர் இகழாமல் எடுத்துப் பேசுகிறார்.

சாய்ந்துகொள்ள வேண்டிய வேளை விரைவில் வந்தது. கல்கத்தாவில் மனைவி சுலைகா பேகம் நோயுற்றிருந்தார். நிலைமை முற்றியதாகச் செய்தி வந்தது. அரசுக்கு ஏதேனும் வேண்டுகோள் விடுக்க விரும்பினால் உடனே அனுப்புவதாகச் சிறை அதிகாரி முன்வந்தார். வேண்டுவது ஒன்றும் இல்லை என்று ஆசாத் மறுத்துவிட்டார். நாள்தோறும் செய்தித்தாளும் தந்தியும் வரும் வேளையில் அதிகாரியின் காலடியோசை கேட்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆயினும் முகத்தில் மாற்றமின்றி எழுதிக்கொண்டிருப்பார். உணவு மேசைக்கு வழக்கம்போல் செல்வார். 1943 ஏப்ரல் 9ஆம் நாள் அம்மையார் காலமானார். இரு நாள் கழித்து எழுதிய மடலில் அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். அந்நாட்களில் தாம் காட்டிய அமைதியெல்லாம் நடிப்பு. தம் கலக்கம் பிறர் கண்ணில் படலாகாதென்று தன்மதிப்பு ஆடிய கூத்து. உடலைத் தளரவிடாமல் நிறுத்த முடிந்தது. நெஞ்சை நிறுத்த முடியவில்லை.

இவ்வொப்புதலை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உறுதியான நம்பிக்கை உடையவர் கலங்கமாட்டார் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. ஆசாத் கலங்கினார். தலைவனை இழந்தார் புலம்பலைக் கையறுநிலை என்று நம் இலக்கணத்தார் ஒரு துறையாகவே வகுத்தனர். இம்மடலையும் அத்துறையில் வைக்கலாம். அக்கோட்டை வளாகத்துள் யாருடையதென்று தெரியாத பழைய கல்லறை ஒன்று இருந்தது. எத்தனையோ முறை அதனைக் கடந்து நடந்தவர், இப்போது அதனைக் காணுந்தோறும் புதியதோர் உறவு தோன்றுவதாக எழுதுகிறார். அங்கே துயரம் இருக்கிறது. ஆனால் அடுத்த விடியலிலும் அவர் எழுந்தார், தேநீர் இட்டார், எழுதினார். ஐயத்தோடு போராடிய நாளில் நெஞ்சுக்கும் நாவுக்கும் இடையே இருந்த பிளவு இப்போது இல்லை. நடித்தேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதக்கூடியவரிடம் பிளவு எங்கே இருக்கும்? 1945இல் விடுதலை பெற்றுக் கல்கத்தா சேர்ந்தபோது, வரவேற்பு மலர்களால் வண்டி நிறைந்திருந்தது. வீட்டுக்குச் செல்லுமுன் வண்டியைக் கல்லறைக்குத் திருப்பச் சொல்லி, அம்மலர்களிலிருந்து ஒரு மாலையை எடுத்துவைத்து, ஓசையின்றி ஃபாத்திஹா ஓதினார்.

இக்கதையை அம்மாணவரிடம் சொல்லி முடித்தபோது அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. ஆசாத் திரும்பி வராமலே போயிருந்தால் நீங்கள் இக்கதையைச் சொல்லியிருப்பீர்களா என்று சிறிது நேரம் கழித்துக் கேட்டார். நேர்மையான கேள்வி. நமக்கு உடனே விடை வரவில்லை. சர்மதின் கதையையாவது சொல்லியிருப்போம் என்றோம். அவர் சிரித்தார், பல நாட்களுக்குப் பின் நாம் கண்ட சிரிப்பு அது. அடுத்த வாரம் மணிமேகலையை நூலகத்தில் எடுத்துச் சென்றார். வகுப்புக்கும் வரத் தொடங்கினார். பள்ளிவாசலுக்குச் சென்றாரா என்று நாம் கேட்கவில்லை.

நாட்டுப் பிரிவினை மௌலானாவைத் தனிமையில் தள்ளியது. 1947 இறுதியில் தில்லி ஜும்ஆ மசூதியின் முன்றிலில், ஊரைவிட்டு ஓட மூட்டை கட்டிக்கொண்டிருந்த முஸ்லிம் மக்களிடையே நின்று, போகாதீர் என்று மன்றாடினார். அமைச்சர் பொறுப்பிலே பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து 1958 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். ஜும்ஆ மசூதிக்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட திடலில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மசூதியின் கீழைப் படிகளை ஒட்டி, அக்கல்லறையிலிருந்து சிறிது நடை தொலைவில், மற்றோர் அடக்கத்தலம் உள்ளது. கலிமாவைப் பாதியில் நிறுத்திய சர்மத் அங்கே உறங்குகிறார்.